பாதுகாப்பு என்ற பெயரில்



கடந்த சில மாதங்களாக இந்தப் பக்கத்தில் மரணச் சான்றிதழ், நுண்கடன், காணி உறுதி என்று எமது அன்றாட அலுவல்களைப் பற்றியே எழுதி வந்தேன். இம்முறை கொஞ்சம் தூரத்து விடயம் போலத் தெரியும் ஒன்றை எடுத்திருக்கிறேன். இது நானாகத் தேடி எடுத்த தலைப்பு அல்ல. 2025 யூன் மாதத்தில் ஈரானின் அணு நிலையங்கள் மீது முதலில் இஸ்ரேலும் பின்னர் அமெரிக்காவும் குண்டு போட்டதை எல்லோரும் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். அந்த வாரம் நடந்த எமது பெண்கள் குழுக் கூட்டத்தில் சேமிப்புக் கணக்கு எழுதி முடிந்த பிறகும் ஒருவரும் எழும்பவில்லை. வயதான அம்மா ஒருவர் கேட்டார்: “பிள்ளை, உந்தக் குண்டு தங்களிட்ட இருக்கலாமாம், மற்றவனிட்ட இருக்கக்கூடாதாம். இது என்ன ஞாயம்?” பக்கத்தில் இருந்த இளம் தாய் கேட்டது வேறு: “அக்கா, அது விழுந்தால் பங்கருக்குள்ள இருந்தாலும் தப்பேலாதோ?”

இரண்டுமே நல்ல கேள்விகள். உலகத் தலைவர்கள் கூடும் மாநாடுகளில் இதைவிட நேரான கேள்விகள் கேட்கப்படுவதாக எனக்குத் தெரியவில்லை. ஆனால் பதில் சொல்வதற்கு முதலில் அந்தப் பொருள் என்ன, அது எப்படி நாடு நாடாகப் பரவியது என்று பார்க்க வேண்டும்.

அணுத் தொழில்நுட்பம் என்றாலே குண்டு என்று நினைக்க வேண்டியதில்லை. மகரகமைக்குப் போய்க் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றுச் சுகமாகி வந்த பெண்கள் எமது ஊர்களிலும் இருக்கிறார்கள். அதுவும் அணுவிலிருந்து வந்த வைத்தியம்தான். 30க்கும் மேற்பட்ட நாடுகளில் சுமார் 440 அணு உலைகள் மின்சாரம் தருகின்றன. எமக்கு அருகில், கடலுக்கு அந்தப் பக்கம் கூடங்குளத்திலும் தலா 1000 மெகாவாற் உலைகள் இரண்டு இயங்குகின்றன. சிக்கல் என்னவென்றால், மின்சாரத்துக்குப் போகும் பாதையும் குண்டுக்குப் போகும் பாதையும் பெரும்பகுதி ஒரே பாதைதான்.

இதை விளங்கிக்கொள்ளச் சுளகு போதும். நிலத்தில் இருந்து தோண்டி எடுக்கும் யுரேனியத்தில் இரண்டு வகை கலந்திருக்கிறது. 1000 அணுவை எடுத்தால் அதில் 7 மட்டுமே எளிதில் பிளந்து சக்தி தரும் வகை. மீதி 993 அப்படிப் பயன்படாத, சற்றுப் பாரம் கூடிய வகை. அரிசியைப் புடைத்துக் குறுணியை வேறாக்குவது போல இந்த 7 ஐப் பிரித்தெடுக்க வேண்டும். யுரேனியத்தை வாயுவாக்கி, மிக வேகமாகச் சுழலும் உருளைகளுக்குள் விடுவார்கள். பாரமானது ஓரத்துக்குப் போகும், இலேசானது நடுப்பக்கம் நிற்கும். ஒரு உருளையில் கிடைப்பது மிகமிகக் கொஞ்சம். ஆகவே ஆயிரக்கணக்கான உருளைகளை வரிசையாகத் தொடுத்து, ஒன்றில் புடைத்ததை அடுத்ததில் திரும்பத் திரும்பப் புடைக்க வேண்டும். இதைத்தான் செய்திகளில் ‘செறிவூட்டல்’ என்கிறார்கள்.

இப்போது கணக்கைப் பாருங்கள். 1000 இல் 825 ஐப் புடைத்துத் தள்ளினால் 175 இல் 7 நிற்கும். அது 4 வீதம். மின்சார உலைக்குப் போதும். அந்த 175 இல் இன்னும் 140 ஐத் தள்ளினால் 35 இல் 7. அது 20 வீதம். அந்த 35 இல் வெறும் 27 ஐத் தள்ளினால் 8 இல் 7 வந்துவிடும். அதுதான் குண்டு. வேலையின் பெரும்பகுதி முதற்படியிலேயே முடிந்துவிடுகிறது என்பது விளங்குகிறதல்லவா? மின்சாரத்துக்கென்று புடைக்கத் தெரிந்த கைக்குக் குண்டுக்குப் புடைப்பது பெரிய காரியம் அல்ல. ஈரான் 2021 ஏப்ரலில் 60 வீதம் வரை செறிவூட்டத் தொடங்கியபோது உலகம் பதறியதற்குக் காரணம் இந்தக் கணக்குத்தான். 2015 ஒப்பந்தத்தில் 3.67 வீதத்துக்கு மேல் போவதில்லை என்று ஈரான் ஒப்புக்கொண்டிருந்தது. 2018 மே மாதத்தில் அந்த ஒப்பந்தத்தை விட்டு வெளியேறிய முதல் நாடு அமெரிக்கா என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

சுளகு செய்யும் இரகசியம் எப்படிக் கைமாறியது என்பது ஒரு நீண்ட கதை. அதில் ஒரு இலங்கையருக்கும் இடமுண்டு.

1972 இல் ஒல்லாந்தின் அம்ஸ்ரடாம் நகரில் ஒரு பொறியியல் நிறுவனத்தில் அப்துல் காதீர் கான் என்ற இளம் உலோகவியலாளர் வேலைக்குச் சேர்ந்தார். போபாலில் பிறந்து, பிரிவினைக்குப் பின்னர் பாகிஸ்தானுக்கு இடம்பெயர்ந்தவர். பிரித்தானியா, ஜேர்மனி, ஒல்லாந்து மூன்றும் கூட்டாக நடத்திய செறிவூட்டல் நிறுவனத்துக்கு அந்த இடத்தில் வேலைகள் நடந்தன. உருளைகளின் வரைபடங்களையும் அவற்றுக்கு உதிரிப்பாகம் செய்து கொடுக்கும் நிறுவனங்களின் விபரங்களையும் அவர் அறிந்துகொண்டார். 1974 மே 18 இல் இந்தியா இராஜஸ்தான் பாலைவனத்தில் தனது முதல் அணுவெடிப்பை நடத்தியது. அதற்குப் பயன்பட்ட புளூட்டோனியம் கனடா ‘சமாதானத் தேவைக்கு’ என்று கொடுத்த உலையில் உண்டானது. அந்த வெடிப்புக்குச் ‘சிரிக்கும் புத்தர்’ என்று பெயர். (இந்தப் பெயர் வைப்பவர்களைப் பற்றித் தனியே ஒரு கட்டுரை எழுதலாம்.) 1975 டிசம்பரில் கான் பாகிஸ்தானுக்குத் திரும்பினார். கஹூட்டா என்ற இடத்தில் செறிவூட்டும் ஆலை எழுந்தது. 1998 மே மாதத்தில் இந்தியா மீண்டும் வெடித்தது. அதே மாதம் 28 ஆம் திகதி பாகிஸ்தானும் வெடித்தது. இரு நாட்டிலும் தெருக்களில் இனிப்புக் கொடுத்துக் கொண்டாடினார்கள்.

கதை அத்துடன் நின்றிருந்தால் இரண்டு அயல்வீட்டார் சண்டை என்று விட்டிருக்கலாம். கான் அந்த அறிவை வியாபாரமாக்கினார். ஈரான், லிபியா, வடகொரியா ஆகியவை வாடிக்கையாளர். இந்த வியாபாரத்தின் முக்கிய இடைத்தரகர் டுபாயில் தொழில் செய்த ஒரு இலங்கையர். 2004 பெப்ரவரியில் அமெரிக்க ஜனாதிபதி புஷ் தனது உரையில் இவரைப் பெயர் குறிப்பிட்டே, இந்த வலையமைப்பின் நிதிப் பொறுப்பாளர் என்றார். மலேசியாவில் ஒரு தொழிற்சாலைக்கு ஓடர் கொடுக்கப்பட்டது. தாங்கள் செய்வது எண்ணெய், எரிவாயுத் தொழிலுக்கான உதிரிப்பாகம் என்றே நினைத்ததாக அந்தத் தொழிற்சாலை பின்னர் சொன்னது. பாகங்கள் டுபாய்க்குப் போய், அங்கிருந்து ஜேர்மன் நிறுவனமொன்றின் கப்பலில் லிபியாவுக்குப் புறப்பட்டன. 2003 ஒக்டோபரில் அந்தக் கப்பல் இத்தாலியின் தாரந்தோ துறைமுகத்துக்குத் திருப்பப்பட்டுச் சோதனையிடப்பட்டது. டிசம்பர் 19 இல் லிபியா தனது திட்டத்தைக் கைவிடுவதாக அறிவித்தது. லிபியாவிடம் இருந்த குண்டு வரைபடங்கள் இஸ்லாமாபாத்தில் உள்ள தையற்கடை ஒன்றின் பிளாஸ்ரிக் பைக்குள் இருந்ததாக அப்போது செய்திகள் வந்தன. சட்டை தைத்து வாங்கிவரும் பையில் ஒரு நகரத்தை அழிக்கும் படம்.

அந்த இலங்கையர் 2004 மே மாதத்தில் மலேசியாவில் விசாரணை இல்லாமல் தடுத்து வைக்கப்பட்டு 2008 இல் விடுவிக்கப்பட்டார். கான் 2004 பெப்ரவரி 4 இல் தொலைக்காட்சியில் தோன்றித் தன் செயலை ஒப்புக்கொண்டார். மறுநாளே ஜனாதிபதி முஷாரப் மன்னிப்பு வழங்கினார். சில ஆண்டுகள் வீட்டுக் காவலில் இருந்த கான் 2021 இல் இறந்தார். இவ்வளவு பெரிய வியாபாரத்துக்கு இவ்வளவுதான் தண்டனை. பனங்கள்ளு விற்றதற்குத் தண்டப்பணம் கட்டிய பெண்களை எனக்குத் தெரியும்.

கானைப் பற்றி மட்டும் பேசிவிட்டுப் போனால் அது நேர்மையல்ல. இரகசியம் கைமாறியது அவரிலிருந்து தொடங்கவில்லை. 1945 இல் முதற்குண்டைச் செய்த அமெரிக்கத் திட்டத்தில் வேலை செய்த கிளவுஸ் பூக்ஸ் என்ற விஞ்ஞானி அதன் விபரங்களைச் சோவியத் யூனியனுக்குக் கொடுத்தார். 1949 இல் அவர்களும் வெடித்தார்கள். பிறகு பிரித்தானியா, பிரான்ஸ், சீனா. இஸ்ரேலுக்கு டிமோனாவில் உலை கட்ட உதவியது பிரான்ஸ். 1953 இல் அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவர் ஐக்கிய நாடுகள் சபையில் ‘சமாதானத்துக்கான அணு’ என்று பேசி, உலை விற்கும் வாசலை அகலத் திறந்துவிட்டார். இன்று பரவுகிறது பரவுகிறது என்று பதறும் நாடுகளே அன்று பரப்பியவை.

இனி அந்த அம்மாவின் ஞாயக் கேள்விக்கு வருவோம். 1970 இல் நடைமுறைக்கு வந்த அணுவாயுதப் பரவல் தடை ஒப்பந்தம் ஒரு கொடுக்கல் வாங்கல். 1967 ஜனவரி 1 க்கு முன் வெடித்துக் காட்டிய ஐந்து நாடுகள் அணுவாயுத நாடுகள் என்று ஏற்கப்பட்டன. மற்ற நாடுகள் குண்டு செய்வதில்லை என்று வாக்குக் கொடுத்தன. பதிலுக்கு அவர்களுக்குச் சமாதானத் தேவைக்கான தொழில்நுட்பம் கிடைக்கும். அந்த ஐந்து நாடுகளும் தங்கள் ஆயுதங்களைக் களைவதற்கு நல்லெண்ணத்துடன் பேச்சு நடத்தும். இந்தியா, பாகிஸ்தான், இஸ்ரேல் கையெழுத்திடவே இல்லை. வடகொரியா கையெழுத்திட்டு, 2003 இல் விலகி, 2006 இல் வெடித்தது. இப்போது ஒன்பது நாடுகளிடம் இந்த ஆயுதம் இருக்கிறது.

இந்த ஒப்பந்தம் 25 ஆண்டுக்கென்றே எழுதப்பட்டது. 1995 இல் நியூயோர்க்கில் கூடி அதை நீடிப்பதா என்று முடிவெடுத்தார்கள். அந்த மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் எமது நாட்டின் இராஜதந்திரி ஜயந்த தனபால. வாக்கெடுப்பு இல்லாமலே ஒப்பந்தம் காலவரையின்றி நீடிக்கப்பட்டது. அதை அவருடைய பெருந்திறமை என்று எல்லோரும் பாராட்டினார்கள், திறமைதான். ஆனால் சிறிய நாடுகள் தங்கள் கையில் இருந்த ஒரே பிடியை அன்று விட்டுவிட்டன என்றே நான் நினைக்கிறேன். தவணை முடிந்தால்தானே கடன்காரனிடம் கேட்கலாம்? தவணையே இல்லை என்று எழுதிக் கொடுத்த பிறகு, ஐந்து பேரும் தங்கள் வாக்கை நிறைவேற்ற அவசரப்படவில்லை. 2015 இலும் 2022 இலும் நடந்த மீளாய்வு மாநாடுகள் உடன்பாடு இல்லாமலே கலைந்தன. 1986 இல் உலகில் சுமார் 70,000 அணுக்குண்டுகள் இருந்தன. 2025 இல் சுமார் 12,000. குறைந்ததுதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் 2024 ஆம் ஆண்டில் மட்டும் ஒன்பது நாடுகளும் இவற்றுக்காக 10,000 கோடி டொலருக்கு மேல் செலவழித்திருக்கின்றன.

‘கைவிட்டவனுக்கு என்ன நடந்தது பார்’ என்று கேட்பவர்களும் உண்டு. லிபியாவின் கடாபி கைவிட்டார். 2011 இல் நேட்டோ குண்டுவீச்சுடன் நடந்த கிளர்ச்சியில் கொல்லப்பட்டார். வடகொரியா அதை உடனேயே எடுத்துக் காட்டி, தான் கைவிடாதது சரி என்றது. உக்ரைன் தனது மண்ணில் இருந்த சோவியத் குண்டுகளை 1994 உடன்படிக்கையின்படி ரஷ்யாவிடம் கொடுத்தது. எல்லைகளை மதிப்போம் என்று அப்போது கையெழுத்திட்ட ரஷ்யாவே 2014 இலும் 2022 இலும் அதன் மீது படையெடுத்தது. இந்த வாதத்தை இலேசில் தள்ளிவிட முடியாது. ஆனாலும் தென்னாபிரிக்காவைப் பாருங்கள். நிறவெறி அரசு இரகசியமாக ஆறு குண்டுகளைச் செய்து வைத்திருந்தது. அவற்றைக் கழற்றி அழித்துவிட்டு 1991 இல் ஒப்பந்தத்தில் சேர்ந்தது. 1993 இல் ஜனாதிபதி டி கிளார்க் அதைப் பாராளுமன்றத்தில் வெளிப்படையாகச் சொன்னார். அதன்பின் எவரும் அந்த நாட்டை விழுங்கவில்லை. கசகஸ்தானும் கொடுத்துவிட்டு இருக்கிறது. குண்டு இருப்பவர்களுக்கும் நிம்மதி வந்ததாகத் தெரியவில்லை. இரண்டிடமும் குண்டு இருந்தும் 2025 மே மாதத்தில் இந்தியாவும் பாகிஸ்தானும் நான்கு நாள் ஏவுகணையும் ட்ரோனும் ஏவிக்கொண்டன. எல்லைக் கிராமத்துச் சனங்கள் வீட்டை விட்டு ஓடினார்கள். அந்த ஓட்டம் எப்படிப்பட்டது என்று உங்களுக்கு நான் எழுதிக் காட்டத் தேவையில்லை.

குண்டு இல்லாத வெறும் மின்சார நிலையமே யுத்தத்தில் பணயப் பொருளாகிறது. ஐரோப்பாவிலேயே மிகப் பெரியதான உக்ரைனின் சப்போரீசியா அணுமின் நிலையம் ஆறு உலைகள் கொண்டது. 2022 மார்ச்சில் ரஷ்யப் படை அதைப் பிடித்தது. அதன் பின்னர் அதற்கு வரும் மின்கம்பிகள் பலமுறை அறுந்திருக்கின்றன. உலையைக் குளிர வைக்க மின்சாரம் இல்லாவிட்டால் ஆபத்து. படிப்பு, சம்பளம், வீட்டுத் தோட்டம் என்று சாதாரணமாக வாழ்ந்த அந்த ஊழியர்கள் துப்பாக்கிக்கு நடுவே நின்று உலையைக் காத்தார்கள்.

‘பாதுகாப்பு’ என்ற சொல்லை நான் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்த காலத்திலிருந்தே சந்தேகத்தோடுதான் கேட்பேன். வலிகாமம் வடக்கில் உயர் பாதுகாப்பு வலயம் என்று பலகை நட்ட காணிக்காரரைக் கேட்டால் அந்தச் சொல்லின் பொருள் தெரியும். யாருடைய பாதுகாப்பு, யாரைக் கொண்டு, யாருடைய நிலத்தில் என்று கேட்டுப் பார்க்க வேண்டும். கரோல் கோன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1980களில் அணுயுத்தத் திட்டங்களை வகுக்கும் நிபுணர்கள் நடுவே இருந்து அவர்களுடைய பேச்சு மொழியை ஆராய்ந்தார். அந்த மொழியில் ‘சுத்தமான குண்டு’ உண்டு. எரிந்த பிள்ளை இல்லை. தானும் அந்த மொழியைப் பேசப் பழகிய பிறகு, மனிதர்களைப் பற்றித் தான் கேட்க நினைத்ததை அதில் கேட்கவே முடியவில்லை என்று 1987 இல் எழுதினார். ஹிரோஷிமாவில் அந்த ஆண்டு முடிவதற்குள் சுமார் 140,000 பேரைக் கொன்ற குண்டுக்குச் ‘சின்னப் பையன்’ என்று பெயர் வைத்தவர்கள் அந்த மொழிக்காரர்தான்.

இனி பங்கர் கேள்வி. குண்டு பரிசோதிக்கப்பட்ட இடங்களைப் பாருங்கள். பிரான்ஸ் அல்ஜீரியப் பாலைவனத்திலும் பின்னர் பசுபிக் தீவுகளிலும் வெடித்தது. பிரித்தானியா அவுஸ்திரேலியப் பழங்குடிகளின் நிலத்தில். சோவியத் யூனியன் கசகஸ்தானில். ஒருவராவது தங்கள் தலைநகருக்குப் பக்கத்தில் வெடிக்கவில்லை. அமெரிக்கா 1946 முதல் 1958 வரை மார்ஷல் தீவுகளில் 67 தடவை வெடித்தது. அந்தத் தீவுகள் அப்போது ஐக்கிய நாடுகள் சபை அமெரிக்காவின் பொறுப்பில் ஒப்படைத்திருந்தவை.

1954 மார்ச் 1 அதிகாலை பிக்கினி என்ற தீவில் வெடித்தது ஹிரோஷிமாவைப் போல ஆயிரம் மடங்கு. 150 கிலோமீற்றருக்கும் அப்பால் உள்ள ரொங்கெலப் தீவில் சில மணி நேரத்தில் வெள்ளைத் தூள் மழையாகக் கொட்டியது. சிதறிய பவளப் பாறையின் சாம்பல் அது. பிள்ளைகள் அதில் விளையாடினார்கள். சோற்றுப் பானையிலும் தண்ணீரிலும் விழுந்தது. இரண்டு நாள் கழித்தே அவர்களைக் கப்பலில் ஏற்றினார்கள். அதற்குள் தோல் எரிந்து, தலைமயிர் கொட்டத் தொடங்கியிருந்தது. 1957 இல் ‘இனிப் பயமில்லை’ என்று திருப்பிக் கொண்டுவந்து விட்டார்கள். மண்ணிலும் தேங்காயிலும் நண்டிலும் நஞ்சு இருந்தது. 1985 இல் சனங்கள் தாங்களாகவே முடிவெடுத்து, கிரீன்பீஸ் அமைப்பின் கப்பலில் ஏறித் தங்கள் தீவை விட்டுப் போனார்கள். ஆக, பங்கர் வெடிப்பிலிருந்து காப்பாற்றலாம்; பிறகு வெளியே வந்து குடிக்கும் தண்ணீரிலிருந்து காப்பாற்றாது.

அந்தத் தீவின் லிஜொன் எக்னிலாங் என்ற பெண்ணுக்கு அன்று வயது எட்டு. 1995 நவம்பரில் அவர் ஹேக் நகரிலுள்ள சர்வதேச நீதிமன்றத்தின் முன் நின்று சாட்சி சொன்னார். தனக்கு ஏழு முறை கரு கலைந்ததைச் சொன்னார். எலும்பில்லாமல், தோல் கண்ணாடி போல இருக்க, உள்ளே மூளையும் இதயம் துடிப்பதும் தெரியப் பிறந்த குழந்தைகளைப் பற்றிச் சொன்னார். அவை ஒரு நாளோ இரண்டு நாளோ மூச்சு விட்டுவிட்டு அடங்கிவிடும். கடலில் மிதக்கும் சொறிமுட்டையின் பெயரையே பெண்கள் அந்தக் குழந்தைகளுக்கு வைத்திருந்தார்கள். அவர் சொன்ன இன்னொன்று என்னை அதைவிட அதிகமாக நிறுத்தி வைத்தது. அவர்களுடைய வழக்கத்தில் பிள்ளை வித்தியாசமாகப் பிறந்தால், தாய் கணவனுக்குத் துரோகம் செய்தாள் என்று பொருளாம். ஆகவே பல பெண்கள் வெளியே சொல்லாமல் புதைத்துவிட்டார்கள். உலகின் மிகப் பெரிய வல்லரசு போட்ட நஞ்சுக்குப் பழி அந்தப் பெண்ணின் ஒழுக்கத்தில் விழுந்தது. தடுப்பிலிருந்து வந்த பெண்ணிடமும் கணவன் காணாமற்போன பெண்ணிடமும் எமது ஊர் கேட்கும் கேள்விகளைக் கேட்டு வளர்ந்த எங்களுக்கு இது அந்நியமாகத் தெரிகிறதா?

அந்த வழக்கில் 1996 யூலை 8 இல் நீதிமன்றம் தன் கருத்தைச் சொன்னது. அணுவாயுதத்தைப் பயன்படுத்துவது பொதுவில் சட்டத்துக்கு முரண். ஆனால் ஒரு அரசின் உயிர்வாழ்வே கேள்விக்குள்ளாகும் உச்ச நிலையில் எப்படி என்று முடிவாகச் சொல்ல முடியவில்லை என்றது. நீதியரசர்கள் ஏழுக்கு ஏழு எனப் பிரிந்து, தலைவரின் வாக்கால் தீர்ந்த கருத்து அது. இந்த ‘ஆனால்’ ஐ ஏற்காதவர்களில் ஒருவர் கொழும்பில் பிறந்த நீதியரசர் சி. ஜி. வீரமந்திரி. எந்தச் சூழ்நிலையிலும் விதிவிலக்கின்றி இது சட்டவிரோதம் என்று அவர் நீண்டதொரு மாற்றுத் தீர்ப்பு எழுதினார். அந்தத் தீர்ப்புக்குள் லிஜொனின் சாட்சியத்தை எடுத்து வைத்தார். ஆயுதம் ஏந்தாதவரையும் சேர்த்து அழிக்கும் அஸ்திரத்தைப் பாவிக்க இராமன் இலட்சுமணனைத் தடுத்ததை இராமாயணத்திலிருந்து எடுத்துக் காட்டினார். வெளியே சொல்ல வெட்கப்பட்ட பெண்களின் பிரசவம் இப்படித்தான் உலகச் சட்டப் புத்தகத்தில் ஏறியது.

பெண்கள் இந்த விடயத்தில் அழுதுகொண்டு மட்டும் இருக்கவில்லை. அதே 1954 வெடிப்பின் சாம்பல் யப்பானிய மீன்பிடிப் படகு ஒன்றின் மீதும் விழுந்தது. அதில் இருந்த 23 பேரும் நோயுற்றார்கள். அந்த செப்டெம்பரில் வானொலி இயக்குநர் இறந்தார். சந்தையில் மீனை வாங்க ஆளில்லை. டோக்கியோவின் சுகினாமி பகுதிக் குடும்பப் பெண்கள் கையெழுத்துச் சேர்க்கத் தொடங்கினார்கள். வீடு வீடாகவும் மீன்கடை வாசலிலும் நின்று சேர்த்தது நாடு முழுவதும் பரவி, 1955 ஓகஸ்டில் மூன்று கோடிக்கு மேல் போனது. கட்சிக்காரர் தொடங்கியிருந்தால் இவ்வளவு சேர்ந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்.

அமெரிக்காவிலும் ஒரு நல்ல வேலை நடந்தது. வெடிப்புகளிலிருந்து வரும் ஸ்ரொன்சியம் என்ற பொருள் சுண்ணாம்புச் சத்தைப் போல நடந்துகொள்ளும். புல்லில் விழுந்து, மாட்டில் ஏறி, பாலில் வந்து, பிள்ளையின் பல்லில் தங்கும். சென் லூயிஸ் நகரில் லூயிஸ் ரெய்ஸ் என்ற பெண் வைத்தியரின் தலைமையில் தாய்மாரிடம் விழுந்த பாற்பற்களைக் கேட்டு வாங்கினார்கள். நாங்கள் கூரையில் எறியும் பல்லை அவர்கள் கடிதஉறையில் போட்டு அனுப்பினார்கள். பல் கொடுத்த பிள்ளைக்கு ஒரு சின்னம் வந்தது. 1970 வரை சுமார் மூன்று இலட்சம் பற்கள் சேர்ந்தன. வெடிப்புகள் கூடக் கூடப் பிறந்த பிள்ளைகளின் பற்களில் நஞ்சும் கூடியிருந்தது. 1961 நவம்பர் 1 இல் ஆயிரமாயிரம் பெண்கள் சுமார் 60 நகரங்களில் வீட்டு வேலையையும் அலுவலகத்தையும் விட்டுத் தெருவுக்கு வந்தார்கள். அடுத்த ஆண்டு பாராளுமன்றக் குழு ஒன்று அவர்களைத் தேசத்துரோகம் போல விசாரித்தபோது, கைக்குழந்தைகளோடு போய் இருந்தார்கள். 1963 ஓகஸ்ட் 5 இல் வான்வெளியிலும் கடலிலும் வெடிப்பதைத் தடுக்கும் ஒப்பந்தம் மொஸ்கோவில் கையெழுத்தானது. பால் சுத்தமானது. குண்டுகள் நிற்கவில்லை, நிலத்துக்குக் கீழே வெடிக்கத் தொடங்கினார்கள். அதையும் மறைக்கக்கூடாது.

2021 ஜனவரி 22 முதல் அணுவாயுதத்தை முற்றாகத் தடை செய்யும் வேறொரு ஒப்பந்தம் நடைமுறையில் இருக்கிறது. யாருக்கும் விலக்கு இல்லாத ஒப்பந்தம். பாதிக்கப்பட்டோருக்கு உதவ வேண்டும் என்ற கடமையும் அதில் உண்டு. ஒன்பது நாடுகளில் ஒன்றும் சேரவில்லை. இலங்கை 2023 செப்டெம்பரில் சேர்ந்தது. தன் நாட்டில் பாதிக்கப்பட்டோருக்கு என்ன செய்தது என்ற கேள்வியை அரசிடம் கேட்க எமக்கு வேறு பல வாசல்கள் இருக்கின்றன என்றாலும், இதில் சேர்ந்தது நல்ல காரியம். 2024 இல் நோபல் சமாதானப் பரிசு ஹிரோஷிமா, நாகசாகியில் உயிர் தப்பியோரின் சங்கத்துக்குக் கிடைத்தது. அந்தச் சங்கம் 1956 இல் தொடங்கியது. பரிசு வந்தபோது அவர்களில் மிஞ்சியிருந்தோர் எண்பதைத் தாண்டிய கிழவர்களும் கிழவிகளும்.

உயர் பாதுகாப்பு வலயத்தில் இருந்து விடுவிக்கப்பட்ட காணிகளில் எல்லைக்கல் காணாமல்போனது பற்றி நான்கு சகோதரிகள் கடிதம் எழுதியிருக்கிறீர்கள். நில அளவைத் திணைக்களத்துக்கு எப்படி விண்ணப்பிப்பது, பிரதேச செயலகத்துக்குப் போகும்போது என்னென்ன பிரதிகள் கொண்டுபோவது என்பதை அடுத்த மாதம் எழுதுகிறேன். உறுதி தொலைந்தவர்கள் அதற்கிடையில் பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதியை எடுத்து வையுங்கள்.